ஈ-கேட்: பாஸ்போர்ட்டைப் படிப்பதில் கெட்டி, ஆளைப் படிப்பதில் இல்லை

எல்லைச் சோதனையில், பாஸ்போர்ட்டையும் முகத்தையும் தானே சரிபார்த்துத் திறக்கும் கதவான ஈ-கேட் வந்தபிறகு வரிசை வேகமாக நகர்கிறது. சோதனையும் உறுதியாகியிருக்கிறதா என்றால், பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை ஆம்.

கேட் முதலில் படிப்பது படப் பக்கத்தின் அடியிலுள்ள இரண்டு வரிகளை. வரிக்கு 44 இடம். பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு சரிபார்ப்பு இலக்கம் நிற்கும்: ஒவ்வோர் இடத்தின் மதிப்பையும் 7, 3, 1 என்று மாறி மாறிப் பெருக்கி, கூட்டி, 10ஆல் வகுத்தால் வரும் மீதி. ஓர் இலக்கத்தைச் சுரண்டித் திருத்தினாலும் கணக்கு உதைக்கும். பாஸ்போர்ட்டுக்குள் இருக்கும், உங்கள் விவரமும் படமும் பதிந்த சிப்பைத் திறக்கும் சாவியும் பெரும்பாலும் இந்த மூன்று விவரங்களிலிருந்தே உருவாகிறது. அதனால் வரியில் கீறல் விழுந்தால், நல்ல சிப்பும் திறக்காது. உறையைக் கழற்றி, பக்கத்தை அழுத்தி வைத்து, விளக்கு மாறும்வரை எடுக்காதீர்கள். பாதித் தொல்லை அங்கேயே தீரும்.

சிப்பில் பாஸ்போர்ட் வழங்கிய நாடு போட்ட டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்ப்பதுதான் கேட்டின் பெரிய பலம். படத்தை மாற்றி ஒட்டும் பழைய மோசடி இங்கே எடுபடாது. ஆனால் இரண்டு பேர் முகத்தைக் கலந்து செய்த படத்தைக் கொடுத்து வாங்கிய அசல் பாஸ்போர்ட் என்றால் கையொப்பம் சரியாகவே இருக்கும், முகத்தைப் படத்தோடு ஒப்பிடும் கேமரா இருவரையும் ஏற்றுக்கொள்ளக்கூடும். இதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

ஆபத்தை எடைபோடும் வேலையில் பெரும்பகுதி கேட்டுக்கு வெளியே நடக்கிறது. விமான நிறுவனம் முன்கூட்டியே அனுப்பும் பயணி விவரங்களும், கண்காணிப்புப் பட்டியல்களும், களவுபோன பாஸ்போர்ட்டுகளுக்காக இன்டர்போல் 2002இல் தொடங்கிய தரவுத்தளமும் சொல்வதைக் கேட் நிறைவேற்றுகிறது, அவ்வளவுதான். சிவப்பு விளக்கு எரிவதற்கு ஒத்த பெயர், சிப் கோளாறு, வயது வரம்பு, ஏன், குலுக்கல் முறைத் தேர்வுகூடக் காரணமாக இருக்கலாம். அது குற்றச்சாட்டு அல்ல.

கவுன்டர் அதிகாரி செய்வது வேறு வேலை. 4 நாள் சுற்றுலா என்கிறவரின் திரும்பும் டிக்கெட் 3 மாதம் தள்ளி இருந்தால் அந்த முரணைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த கேள்வி வரும். கை நடுங்குவதை வைத்து மட்டும் நல்ல அதிகாரி முடிவெடுக்கமாட்டார். களைத்து இறங்கும் யாருக்கும் நடுங்கும்.

ஆகவே, கேட்களைக் கவனிக்கப் போதிய அதிகாரிகள் இருக்கும் இடத்தில் இந்தச் சேவையைத் தாராளமாகப் பாராட்டலாம். சிவப்பு விழுந்தால் திரும்பத் திரும்ப வைத்துப் பார்க்காமல், தங்குமிட முகவரியையும் திரும்பும் டிக்கெட்டையும் கையில் எடுத்துக்கொண்டு கவுன்டருக்குப் போங்கள்.