எம்.பார்ம். அப்ளிகேஷன் போடக் கோபியில ஒரு பிரவுசிங் சென்டர்: அஞ்சுக்கு நாலு ஸ்டார்

முதல்ல ஒண்ணு சொல்லிடறேனுங்க. கடைப் பேரைப் போட வேண்டாம்னு சென்டர் நடத்தற தம்பியே கேட்டுக்கிட்டாரு. சீசன்ல வர்ற கூட்டத்தையே சமாளிக்க முடியறதில்லையாம். கோபி பஸ் ஸ்டேண்டுல இருந்து நடக்கற தூரந்தான். மாடியில ரெண்டு கம்ப்யூட்டர், ஒரு பழைய ஸ்கேனர், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரு. உள்ளூர்க்காரங்களுக்கு இந்த அடையாளமே போதும்.

நான் கவுந்தப்பாடிப் பக்கம் மெடிக்கல் ஷாப் வெச்சிருக்கேன், டி.பார்ம். படிச்சவன். என்ற பொண்ணு குமாரபாளையத்துல பி.பார்ம். கடைசி வருசம் படிக்கறப்பவே அடுத்தது எம்.பார்ம். (பார்மசியில மேல்பட்டம்) தான்னு முடிவு பண்ணிட்டா, அதுலயும் மருந்தோட தரத்தைப் பத்திப் படிக்கற குவாலிட்டி அஷ்யூரன்ஸ்தான் வேணுமாம். இன்னும் 3 வருசம் போட்டு பார்ம்.டி. முடிச்சா பேருக்கு முன்னால டாக்டர்னு போட்டுக்கலாமேன்னு அவங்கம்மாவுக்கு ஆசை. புள்ளைக்கு மருந்துக் கம்பெனி மேலதான் கண்ணு. சரி படிக்கறவ அவதானேன்னு விட்டுட்டோம்.

முதல் வேலை ஜிபேட் அப்ளிகேஷன், எம்.பார்ம். சேர எழுதற நுழைவுத் தேர்வு அது. 2024ல இருந்து அதை நடத்தறது என்.பி.ஈ.எம்.எஸ்., டாக்டர்களுக்கு நீட் பிஜி நடத்தறாங்களே, அவங்கதான். 125 கேள்வி, 500 மார்க், 3 மணி நேரம். சரியான பதிலுக்கு 4, தப்பாப் போட்டா 1 போயிரும். பி.பார்ம். கடைசி வருசத்துலயே எழுதலாம், வாங்கின மார்க் 3 வருசத்துக்குச் செல்லும். எங்களுக்குக் கட்டணம் 3,500 ரூபாய். கட்டினா கட்டினதுதான், திரும்பி வராது.

இங்கதான் அந்தத் தம்பி வேலை எனக்குப் பிடிச்சுது. மண்டியில மஞ்சள் மூட்டையைக் குத்தி எடுத்துப் பாக்கற மாதிரி ஒவ்வொரு பேப்பரையும் ஜன்னலோரமா வெச்சுப் பாத்தாரு. பத்தாவது மார்க் ஷீட்டுல இனிஷியல் பின்னால, ஆதார்ல முன்னால. "எது பரீட்சைக்குக் கொண்டுபோற ஐடியோ அதுல இருக்கற மாதிரியே போடலாங்ண்ணா"ன்னு சொல்லிட்டு, பொண்ணைப் பக்கத்துல உக்கார வெச்சு ஒவ்வொரு பெட்டியையும் வாய்விட்டுப் படிக்க வெச்சாரு. செல்போன்ல எடுத்த போட்டோ எதையும் வாங்கலை. செவுத்துல வெள்ளைத் துணி கட்டி அங்கயே எடுத்தாரு. கைரேகைக்கு மை வெச்சிருக்காரு, துடைக்கறதுக்குத் துணியும் வெச்சிருக்காரு.

இன்னொண்ணு. நிறைய சென்டர்ல அவங்க மெயில் ஐடியையே போட்டு வெச்சுக்குவாங்க, ஹால் டிக்கெட்டுக்கு மறுபடியும் அவங்க வாசல்லதான் நிக்கணும். இவரு பொண்ணோட மெயில், பொண்ணோட நம்பர். பாஸ்வேர்டை அவளையே அடிக்கச் சொல்லிட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டாரு. பணத்தையும் நம்ம கணக்குல இருந்தே கட்டச் சொல்றாரு. அவர் கூலி 150 ரூபாய், பிரிண்ட் தனி.

அப்புறம் ஓ.பி.சி. சர்ட்டிபிகேட். நம்ம கைல இருக்கற பி.சி. அட்டை மத்திய அரசு சம்பந்தப்பட்ட காரியத்துக்கு ஆகாது. கிரீமி லேயர்ல, அதாவது வசதியானவங்க பட்டியல்ல, வரலைன்னு தாசில்தார் தர்ற சர்ட்டிபிகேட் வேணும், அதுவும் புதுசா இருக்கணும். அதை இ-சேவையில 60 ரூபாய்ல போடலாம்னு வழி சொல்லி அனுப்பிட்டாரு. நானே வாங்கித் தர்றேன்னு ஆயிரம் ரூபாய் கேக்கற ஆளுகளையும் பாத்திருக்கோமுங்க.

ஈரோட்டுல ஒரு கன்சல்டன்சிக்கும் சொந்தக்காரர் ஒருத்தர் கூட்டிட்டுப் போனாரு. ஏசி ரூம், ஜூஸ் எல்லாம் பலமாத்தான் இருந்துச்சு. ஜிபேட்டே வேண்டாம், மேனேஜ்மென்ட் கோட்டாவுல சீட்டு முடிச்சுத் தர்றேன், இன்னிக்கே 25,000 அட்வான்ஸ் கட்டுங்கன்னாங்க. பொண்ணு அங்கயே செல்போன்ல கணக்குப் போட்டா. ஜிபேட் தேறி முறையாச் சேந்தா ஏ.ஐ.சி.டி.இ.ங்கற மத்திய அரசோட தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் தர்ற உதவித்தொகை மாசம் 12,400 ரூபாய், 24 மாசத்துக்கு 2,97,600. மேனேஜ்மென்ட் கோட்டாவுல போனா அது கெடையாது. கன்சல்டன்சியில பேசின அம்மாகிட்ட இதைக் கேட்டதுக்கு, "அதெல்லாம் வரும்போது பாத்துக்கலாம்"னாங்க. ஜூஸைக் குடிச்சுட்டு வந்துட்டோம்.

ஆனா ஒண்ணு, அந்த உதவித்தொகையை நம்பி பீஸ் கட்டலாம்னு நினைக்காதீங்க. காலேஜ்ல சேந்து, அவங்க உறுதிப்படுத்தின பொறகுதான் வரும். கணக்கும் பொண்ணு பேர்ல தனியா இருக்கணும், அப்பன் பேரைச் சேத்த ஜாயிண்ட் அக்கவுண்ட் ஆகாது. முதல் வருசப் பணத்துக்கு லோன்தான் வழி.

லோனுக்கு வித்யாலட்சுமி போர்ட்டல்ல ஒரே பாரம், அதுலயே மூணு பேங்குக்குப் போட முடிஞ்சுது. அதுக்கு 300 ரூபாய் வாங்கினாரு. காலேஜ் தர்ற பீஸ் விவரம், அட்மிஷன் லெட்டர், வருமானச் சான்று, என்ற பான் கார்டு எல்லாத்தையும் அளவு சுருக்கி ஏத்தினது அவரு வீட்டம்மாதான். அவங்க கைவேகம் அவருக்கு இல்லீங்க.

எங்க செலவு ரெண்டு வருசத்துக்கு ஹாஸ்டலோட சேத்து 5 லட்சம். 4 லட்சம் வரைக்கும் கைப்பணமே வேண்டாம். அதுக்கு மேல போனா 5 சதம் நாம போடணும், அதாவது 25,000. பேங்குல ஒரு ஆபீசர் எடுத்தவுடனே "வீட்டுப் பத்திரம் கொண்டாங்க"ன்னாரு. 7.5 லட்சம் வரைக்கும் பத்திரம் இல்லாமலே குடுக்கறதுக்கு மத்திய அரசோட கடன் உத்தரவாதத் திட்டம் இருக்கே, 2015ல இருந்தே இருக்கேன்னு சென்டர் தம்பி பிரிண்ட் எடுத்துக் குடுத்த தாளை நீட்டினேன். படிச்சுப் பாத்துட்டு "மேனேஜர்கிட்ட கேக்கறேன்"னாரு. பத்திரப் பேச்சு அதோட நின்னுச்சு. அந்தத் தாளுக்குத் தம்பி 5 ரூபாய்தான் வாங்கினாரு. படிப்பு முடிஞ்சு ஒரு வருசம் வரைக்கும் தவணை கட்ட வேண்டாம், ஆனா வட்டி ஏறிக்கிட்டேதான் இருக்கும். படிக்கறப்பவே வட்டியைக் கட்டிட்டு வந்தா ஒரு சதம் கம்மி பண்றாங்க. நான் கட்டிட்டு வர்றேன், மாசாமாசம் கடை வருமானத்துல.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, பிளஸ் டூ ரிசல்ட் வந்த பொறகு அந்தப் பக்கம் போகவே முடியாதுங்க. டோக்கன் கெடையாது, உக்கார ரெண்டே ஸ்டூலு, படி வேற செங்குத்து. வயசானவங்க கீழ பேக்கரியில டீயும் தேங்கா பன்னும் வாங்கிட்டு உக்காந்துக்கங்க, பேரைச் சொன்னா மேல இருந்து கூப்பிடுவாரு. கரண்ட் போனா ஸ்கேனர் நிக்கும், யூ.பி.எஸ். கம்ப்யூட்டருக்கு மட்டுந்தான்.

அவருக்குத் தெரியாத ஒரு விசயத்தை நான்தான் சொல்ல வேண்டியிருந்துச்சு. எம்.பார்ம். சேர்றவங்க மாநில பார்மசி கவுன்சில்ல பி.பார்ம். பதிவு வெச்சிருக்கணும், இல்லைன்னா சேந்த ஒரு மாசத்துக்குள்ள வாங்கிடணும். வாங்கலைன்னா அட்மிஷனே ரத்து. அதே மாதிரி பி.பார்ம்.ல 55 சதம் இருக்கணும், எஸ்.சி., எஸ்.டி. புள்ளைகளுக்கு 50. இந்த ரெண்டையும் ஒரு தாள்ல எழுதிச் செவுத்துல ஒட்டி வெய்யி தம்பின்னு சொல்லிட்டு வந்தேன். ஒட்டியிருந்தா அரை ஸ்டார் சேத்துக்கலாமுங்க.