பேர்லினில் வாங்கிய சைக்கிள் விளக்கும் கண்ணாடியும்: கல்லடிப் பாலத்தில் ஒரு வருடம்

சென்ற வருடம் பேர்லினிலுள்ள தங்கை வீட்டில் இரண்டு மாதம் தங்கிவிட்டுத் திரும்பியபோது, மருமகன் அங்குள்ள சைக்கிள் கடையொன்றில் வாங்கித் தந்த முன்விளக்கு, பின்விளக்கு, ஹாண்டில் நுனியில் பொருத்தும் கண்ணாடி ஆகிய மூன்றையும் கொண்டுவந்தேன். மூன்றுக்குமாக ஏறத்தாழ 60 யூரோ ஆனது. நாவற்குடாவிலிருந்து மட்டக்களப்பு நகரத்துக்கு நாள்தோறும் சைக்கிளில் வேலைக்குப் போய், பெரும்பாலும் இருட்டிய பிறகே கல்லடிப் பாலத்தால் திரும்புகிறவன் என்பதால், மூன்றையும் போதுமான அளவு பாவித்துப் பார்த்துவிட்டேன்.

முன்விளக்கில் குறை சொல்ல அதிகமில்லை. ஜேர்மனியில் சைக்கிள் விளக்கென்றால் சட்டப்படி அங்கீகாரம் பெற்று, அதற்கான குறியீட்டைத் தாங்கியிருக்க வேண்டும். 2013 வரையில் டைனமோவே கட்டாயமாக இருந்து, அதன் பின்னர்தான் பெற்றரி விளக்குகளுக்கு இடம் கொடுத்தார்கள். அந்தச் சட்டத்தின் பயனை வீட்டுச் சுவரில் வெளிச்சத்தைப் பிடித்துப் பார்த்தாலே கண்டுகொள்ளலாம். வெளிச்சத்தின் மேல் விளிம்பு அடிமட்டம் வைத்துக் கோடிழுத்தது போல நேராக வெட்டுப்பட்டு நிற்கிறது. அதற்கு மேலே ஏறக்குறைய இருட்டுத்தான். டோர்ச் லைற்றைப் போல எல்லாப் பக்கமும் சிதறாமல் ஒளி முழுவதும் வீதியில் விழுவதால், பாலத்தில் எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரர் கண்ணைக் கூசிக்கொண்டு கையை உயர்த்துவதில்லை. ஆனால் இந்த வெட்டு நம்முடைய மாடுகளை எண்ணிச் செய்யப்பட்டதல்ல. ஒரு இரவு கல்லடி வீதியில் நின்ற கறுப்பு மாட்டின் நான்கு கால்கள் மட்டுமே எனக்குத் தெரிந்தன. மீதி மாடு எங்கே முடிகிறது என்பதை அருகே போன பிறகுதான் அறிந்தேன்.

பொருத்துவதில் ஒரு சிரமம் இருந்தது. என்னுடையது பழைய பாணிச் சைக்கிள். பிறேக்கை இழுக்கும் இரும்புக் கம்பிகள் ஹாண்டிலுக்குக் கீழால் ஓடுவதால் விளக்கின் றப்பர் பட்டி சரியாகப் பிடிக்கவில்லை. சைக்கிள் திருத்துபவர் பழைய ரியூப் துண்டொன்றை வெட்டி இடையில் சுற்றிவிட்டார். அன்று முதல் அது அசையவில்லை.

பின்விளக்கு எனக்கு ஏமாற்றம். ஜேர்மன் சட்டம் சைக்கிளில் மினுங்கும் விளக்கை அனுமதிப்பதில்லை என்பதால், இது ஒரே சீராகத்தான் எரிகிறது. பின்னால் வரும் பஸ்காரருக்கு அது தூரத்தில் போகும் மோட்டார் சைக்கிளின் சிவப்புப் பொட்டாகத் தெரிந்தாலும் ஆச்சரியப்படுவதற்கில்லை.

கண்ணாடியைப் பற்றிச் சொல்லும் முன் பேர்லினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஐரோப்பிய நகரமென்றால் சைக்கிளுக்குச் சொர்க்கம் என்று எண்ணித்தான் நானும் போனேன். முதல் வாரத்திலேயே, நிறுத்தியிருந்த காரொன்றின் கதவு என் முன்சில்லுக்கு ஒரு முழம் முன்னால் திறந்தது. சைக்கிளுக்கென்று கோடு போட்ட பாதை பல தெருக்களில் அந்தக் கதவுகள் திறக்கும் தூரத்துக்குள்ளேயே ஓடுகிறது. நெதர்லாந்தில் கதவுக்குத் தூரத்திலுள்ள கையால் கதவைத் திறக்கப் பழக்குவது இதற்காகத்தான். அப்படித் திறக்கும்போது உடல் திரும்பி, கண் தானாகப் பின்னால் பார்க்கிறது. டிராம் தண்டவாளப் பள்ளத்துக்குள் சில்லு இறங்கினால் ஆள் விழுவது உறுதி என்பதால், அதைக் குறுக்காகவே கடக்க வேண்டும். இவை எல்லாவற்றையும்விட, வலப்பக்கம் திரும்பும் லொறியைத்தான் மருமகன் அஞ்சினான். “லொறிக்குப் பக்கத்துல நிக்காதீங்க மாமா, அவருக்கு உங்களத் தெரியாது” என்று ஒவ்வொரு சந்தியிலும் சொன்னான். நேரே போகும் சைக்கிளுக்கே அங்கு முன்னுரிமை இருந்தும், சந்திகளில் உயிர் போன இடங்களில் வெள்ளைப் பூச்சுப் பூசிய சைக்கிள்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். 2020 இல் சட்டத்தைத் திருத்தி, 3.5 தொன்னுக்கு மேற்பட்ட வாகனம் நகரத்துக்குள் வலப்பக்கம் திரும்பும்போது, சைக்கிள் வரக்கூடிய இடங்களில் நடை வேகத்தில்தான் திரும்ப வேண்டும் என்றும், நகரத்துக்குள் சைக்கிளை முந்தும் வாகனம் குறைந்தது 1.5 மீற்றர் விலகிப் போக வேண்டும் என்றும் விதித்தார்கள்.

அங்கு ஆபத்து பக்கவாட்டிலும் சந்தியிலும் இருப்பதால், இந்தக் கண்ணாடியை மருமகன் ஒரு அலங்காரமாகவே கருதினான். இங்கு நிலைமை வேறு. நம்முடைய ஆபத்து முதுகுக்குப் பின்னால் வருகிறது. கல்முனைப் பக்கமிருந்து வரும் பஸ், கோர்ன் அடித்துவிட்டால் உரிமை தனக்கென்று நம்பிக்கொண்டு ஒரு சாண் இடைவெளியில் முந்திப் போகிறது. அங்கு வலப்பக்கம் வாகனம் ஓடுவதால் இடது நுனிக்கென்று செய்யப்பட்ட கண்ணாடியை, அதன் மூட்டைச் சுழற்றி வலது நுனியில் மாட்டிக்கொண்டேன். குவிந்த கண்ணாடி என்பதால் பஸ் உண்மையில் இருப்பதைவிடத் தூரத்தில் தெரிகிறது. அந்தக் கணக்குப் பழக எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. இப்போது பாலத்தின் ஏற்றத்தில் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்த பிறகே ஓரம் விட்டு விலகுகிறேன். மூன்றிலும் விலை குறைந்ததும் மிகுந்த பயன் தந்ததும் இதுதான்.

கடற்காற்றில் அதன் திருகாணி ஐந்து மாதத்தில் துருவேறிவிட்டது. முன்விளக்கு மட்டும் மழையிலும் உப்பிலும் உறுதியாக நின்றது. அடுத்த முறை வருபவரிடம் பின்விளக்கு வேண்டாம், கண்ணாடி இரண்டு வேண்டும், துருப்பிடிக்காத திருகாணியோடு என்று சொல்லியிருக்கிறேன்.