அச்சிதழ் அலமாரியும் மின்னிதழ்ச் சேவையும்: கடலோரக் கல்லூரி நூலகம் ஒன்றின் மதிப்பீடு

இராமநாதபுரம் கடற்கரையை ஒட்டிய அரசுக் கல்லூரி ஒன்றில் தாவரவியல் கற்பிக்கிறேன். எங்கள் நூலகம் அச்சு ஆய்விதழ்களுக்கான சந்தாவை நிறுத்திவிட்டு மின்னிதழ்களுக்கு முழுவதுமாக மாறிவிட்டது. அந்தச் சேவையை ஏறக்குறைய நாள்தோறும் பயன்படுத்துகிறவன் என்ற முறையில், எங்கள் பகுதியின் பிற ஆசிரியர்களுக்கும் ஆய்வு மாணவர்களுக்கும் பயன்படும் என்று நம்பி இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

முதலில் கிடைத்திருப்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது சிறியதன்று. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின்கீழ், 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டுள்ளன. அரசு நிர்வகிக்கும் உயர்கல்வி நிறுவனங்களும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிறுவனங்களும் இதில் அடக்கம். 2025 முதல் 2027 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டு, பல்கலைக்கழக நூலகங்களை இணைப்பதற்காகக் காந்திநகரில் இயங்கும் இன்ஃபிளிப்நெட் மையத்தின் ஒருங்கிணைப்பில் இது நடக்கிறது. இத்திட்டத்திற்கு முன்பு, கல்லூரிகளுக்கான மின்னிதழ்த் திட்டமான என்-லிஸ்ட் வழியாக 6,000க்கும் மேற்பட்ட இதழ்கள் கல்லூரிகளுக்குக் கிடைத்துவந்தன. ஆயினும் கடல்சார் உயிரியலில் நாங்கள் தேடும் கட்டுரை பல வேளைகளில் அவற்றுக்கு வெளியேதான் இருக்கும். அப்படி வெளியே இருக்கும் ஒரே ஒரு கட்டுரைக்குப் பதிப்பகங்கள் 30, 40 டாலர் என்று கேட்கும்போது, உதவித்தொகை இல்லாத ஆய்வு மாணவர் ஒருவர் அந்தக் கட்டுரையை மறந்துவிடுவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? நான் ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் கட்டுரையாசிரியருக்கு அஞ்சலட்டை எழுதி, அவர் மனமிரங்கி அனுப்பும் நகலுக்காக மாதக்கணக்கில் காத்திருந்திருக்கிறேன். அதுவும் வராவிட்டால் மதுரைக்குப் பேருந்து ஏறி, ஒரு பகல் முழுவதும் நூலகத்தில் அமர்ந்து கையால் குறிப்பெடுத்துத் திரும்புவேன்.

இன்று பாம்பனைச் சேர்ந்த என் மாணவி, இரவு வீட்டு வேலைகள் முடிந்தபின் தன் கைப்பேசியிலேயே கடற்புல் பற்றிய கட்டுரையைத் திறந்துவிடுகிறார். கல்லூரி வளாகத்திற்குள் இருந்தால் அங்குள்ள இணைய இணைப்பின் ஐ.பி. எண்ணைக் கொண்டே பதிப்பகத்தின் தளம் நம்மை அடையாளம் கண்டுகொள்ளும். வெளியில் இருப்பவர்கள் இன்ஃபெட் எனப்படும் பொது உள்நுழைவு வழியாக, பட்டியலில் கல்லூரியின் பெயரைத் தேர்ந்தெடுத்து, நூலகர் கொடுத்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டு நுழைய வேண்டும். வழி இவ்வளவு எளிதாக இருந்தும், எங்கள் கல்லூரியில் பலருக்கு அந்தக் கடவுச்சொல்லை நூலகரிடம் கேட்டு வாங்க வேண்டும் என்பதே தெரியவில்லை. சேர்க்கை நாளிலேயே ஒவ்வொரு முதுகலை மாணவருக்கும் அதைக் கொடுத்து, ஒரு மணி நேரம் அருகில் இருந்து பழக்கிவிட்டால் இந்தச் சேவையின் பயன் இருமடங்காகும் என்று உறுதியாக நம்புகிறேன். ஆய்விதழ்ப் பக்கம் பெரும்பாலும் அருகருகே இரண்டு பத்திகளாக அச்சிடப்படுவதால், கைப்பேசியில் அதைப் படிப்பது கண்ணுக்குத் துன்பம். ஆகவே நூலகத்தில் உள்ள ஆறு கணினிகளையும் மாலை ஆறு மணி வரையாவது திறந்துவைக்க வேண்டும்.

அச்சிதழ்களை விட்டு விலகியதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். ஆனால் கடற்கரையில் காகிதம் படும் பாட்டையும் மறைக்க மாட்டேன். உப்புக் காற்றின் ஈரத்தில் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தைப்புக்குப் போட்ட கம்பி துருப்பிடித்து, நடுப்பக்கங்களில் பழுப்பு நிறக் கறை இறங்கும். கச்சான் காற்றுக் காலத்தில் ஜன்னலை மூட மறந்தால் மணல் துகள் அட்டைக்குள் புகுந்துவிடும், எஞ்சியதை இராமபாணப் பூச்சி பார்த்துக்கொள்ளும். வெளிநாட்டு இதழ்கள் கப்பல் அஞ்சலில் வந்த காலத்தில், ஒரு தொகுதியில் ஏதேனும் ஓர் இதழ் காணாமற்போய், பைண்டிங் செய்ய முடியாமல் ஆண்டுக்கணக்கில் கயிறு கட்டிக் கிடந்ததும் உண்டு. மின்னிதழில் இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை.

எனக்கு உள்ள பெரிய குறை படத்தாள்களை, அதாவது கட்டுரையோடு சேர்த்து அச்சிடப்படும் படங்களுக்கான தாள்களைப் பற்றியது. மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்கள் மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று கையில் தொட்டுப் பார்த்தே பிரித்துவிடுவார்கள். ஆனால் கட்டக்கோரை என்று அவர்கள் ஒரே பெயரில் அழைக்கும் சர்காஸம் பேரினத்திற்குள் பல சிற்றினங்கள் உள்ளன. இலையின் ஓரத்தில் பற்கள் உண்டா, நடுநரம்பு எவ்வளவு தூரம் ஓடுகிறது, காற்றுப்பை உருண்டையா நீள்வட்டமா என்பன போன்ற நுண்ணிய வேறுபாடுகளைக் கொண்டே அவற்றைப் பிரிக்க முடியும். இதற்குப் பழைய கட்டுரைகளின் படத்தாள்கள் மிகவும் தேவை. சென்ற ஆண்டு என் மாணவி ஒரு பழைய கட்டுரையைப் பதிவிறக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். “சார், படம் முழுக்கக் கறுப்பா இருக்கு, இலை ஓரத்துல பல் இருக்கா இல்லையான்னே தெரியல” என்றார். உண்மைதான், எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று வருடி (ஸ்கேன் செய்து) எடுத்திருந்ததால், ஒளிப்படத்தின் சாம்பல் நிறங்கள் அனைத்தும் மையாகிப் போயிருந்தன. அதே தொகுதி, ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் எங்கள் நூலகத்திற்குக் கொடுத்துச் சென்ற நூல்களுக்கிடையே இருந்தது. நூலகர் அம்மையார் அதைத் தேடி எடுத்து, ஜன்னலோர மேசையில் விரித்து வைத்தார். வழவழப்பான தாளில், பூதக்கண்ணாடியின் கீழ், இலையோரத்தின் ஒவ்வொரு பல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. அந்த மாணவி ஒரு மணி நேரம் அந்த மேசையை விட்டு எழவில்லை.

அந்தத் தொகுதி தப்பியது தற்செயல்தான். இதே கடற்கரையில் உள்ள வேறொரு கல்லூரியில், ‘எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதே’ என்று சொல்லி, பைண்டு செய்த ஆய்விதழ்களைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போட்டுவிட்டார்கள். எல்லாம் இணையத்தில் கிடைக்கும் என்பது சரியன்று. பல பதிப்பகங்கள் 1990களின் நடுப்பகுதிக்கு முந்தைய தொகுதிகளைத் தனிக் கட்டணத்தில்தான் விற்கின்றன. ஆண்டுச் சந்தாவில் அவை சேராமல் போகக்கூடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அச்சிதழுக்குப் பணம் கட்டினால் அந்தத் தாள் நமக்குச் சொந்தம், அடுத்த ஆண்டு சந்தா கட்டாவிட்டாலும் பழைய இதழ் அலமாரியில் இருக்கும். மின்னிதழில் நாம் கட்டுவது பெரும்பாலும் வாடகை. சந்தா நின்ற பிறகும் ஏற்கெனவே பணம் கட்டிய ஆண்டுகளின் இதழ்களைப் படிக்கும் உரிமை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதப்பட்டிருந்தால்தான் அவை நமக்குத் தொடர்ந்து கிடைக்கும். சில ஆண்டுகளுக்கு முன்பு நாங்கள் தனியாகச் சந்தா செலுத்தி வந்த ஒரு தொகுப்பு, புதுப்பித்தல் தாமதமானதால் சனவரி மாதத்தில் அடியோடு மூடப்பட்டது. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய இரு மாணவர்கள், தாங்களே மேற்கோள் காட்டிய கட்டுரையைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். 1999இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய லாக்ஸ் போன்ற ஏற்பாடுகள், ஒரே இதழின் மின்படிகளைப் பல நூலகங்களில் காத்துவைக்கும் எண்ணத்தில் பிறந்ததற்குக் காரணம் இந்த அச்சமே.

நம் கடலைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பங்கு கட்டணமின்றியே கிடைக்கிறது என்பதையும் புதிய மாணவர்கள் அறிய வேண்டும். 1947இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் தன் தொடக்க காலத்தில் மண்டபம் முகாமில்தான் இயங்கியது. தலைமையகம் பின்னர் கொச்சிக்குச் சென்றாலும் மண்டபத்தில் அதன் மையம் தொடர்கிறது. அதன் மின்களஞ்சியத்தையும், 1959 முதல் வெளிவரும் இந்தியக் கடல் உயிரியல் சங்கத்தின் ஆய்விதழையும் யாரும் திறந்து படிக்கலாம். கப்பாஃபைகஸ் என்ற அயல்நாட்டுக் கடற்பாசி மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பவளங்கள்மேல் படர்ந்ததைப் பதிவு செய்த கட்டுரை 2008இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வந்தது. அதற்கும் கட்டணம் இல்லை. ‘ஒரே நாடு ஒரே சந்தா’வின் முதற்கட்டத்தில் தனியார் சுயநிதிக் கல்லூரிகள் சேர்க்கப்படவில்லை. எனவே கீழக்கரைப் பக்கத்திலோ பரமக்குடியிலோ அத்தகைய கல்லூரிகளில் படிப்போருக்கு இந்தத் திறந்த களஞ்சியங்களே முதல் துணை. அவர்களுக்கும் இத்திட்டத்தின் கதவு திறக்க வேண்டும் என்பது என் மனமார்ந்த வேண்டுகோள்.

இதழ்களின் எண்ணிக்கைக்கும் வேகத்திற்கும் எங்கள் நூலகத்தின் இச்சேவையை மனநிறைவோடு பரிந்துரைக்கிறேன். படத்தாள் தேவைப்படும் வகைப்பாட்டியல் மாணவர்கள் மட்டும் இதை நம்பி அச்சுத் தொகுதியைக் கைவிட வேண்டாம். மன்னார் வளைகுடா, பாக் நீரிணை பற்றிய தொகுதிகளைக் கழிவில் சேர்க்கக் கூடாது என்று நாங்கள் கொடுத்த விண்ணப்பத்தை முதல்வர் ஏற்றுக்கொண்டார். இரண்டு இரும்பு அலமாரிகள் அவற்றுக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. தட்டுக்குத் தட்டு வசம்புத் துண்டுகளை வைத்திருக்கும் நூலகர் அம்மையாரிடம் சாவி இருக்கிறது. முற்பகலில் கேட்டால் அவரே வந்து திறந்து கொடுப்பார்.