மார்ச் மேட்னஸ் டிராஃப்ட்: சின்ன அணியின் நட்சத்திரமா, பெரிய அணியின் இரண்டாம் ஆளா?

மார்ச் மேட்னஸ் என்பது அமெரிக்கக் கல்லூரி அணிகளின் கூடைப்பந்துத் தொடர். அதை வைத்து நண்பர்களோடு ஆடும் எங்கள் பூலின் (புள்ளிப் போட்டியின்) விதி எளிது. ஆளுக்கு எட்டு வீரர்களை மாறி மாறி எடுக்க வேண்டும்; அதுதான் டிராஃப்ட். என்சிஏஏ (கல்லூரி விளையாட்டுச் சங்கம்) நடத்தும் ஆண்கள் தொடர் முடியும்வரை அவர்கள் அடிக்கும் புள்ளிகள்தான் கணக்கு. அணி தோற்றால் அந்த வீரரின் கணக்கும் அதோடு சரி. முதல் சில பெயர்கள் போனதும் ஒரு குழப்பம் வரும்: 12ஆம் தரநிலை அணியில் (1 வலிமையானது, 16 பலவீனமானது) ஆட்டத்துக்கு 24 புள்ளி அடிப்பவரா, முதல் தரநிலை அணியில் 14 அடிக்கும் இரண்டாம் ஆளா? இந்த முறையும் நான் இரண்டாம் ஆளையே எடுத்தேன்.

நட்சத்திரத்தின் பக்கம் உள்ள நியாயம் தெரிந்ததுதான். பந்து எப்போதும் அவர் கையில், நாற்பது நிமிடமும் கிட்டத்தட்ட அவர் களத்தில். பெரிய அணிக்காரர், ஆட்டம் ஒருதலையாகப் போனால் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்.

ஆனால் முடிவு செய்வது ஆட்டங்களின் எண்ணிக்கை. 64 அணிகள், தோற்றால் வெளியே, கோப்பைக்கு ஆறு ஆட்டம். முதல் தரநிலை அணி சராசரியாக நான்கு ஆட்டம் ஆடிவிடும். 12ஆம் தரநிலைக்குச் சுமார் ஒன்றரைதான். பெருக்கிப் பாருங்கள்: இந்தப் பக்கம் 56, அந்தப் பக்கம் 36. நட்சத்திரம் மூன்றாவது ஆட்டத்துக்குப் போனால்தான் முந்தலாம். 2019இல் மரே ஸ்டேட்டின் ஜா மொராண்ட் ஓர் ஆட்டத்தை டிரிபிள் டபுளோடு (புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட் மூன்றிலும் இரட்டை இலக்கம்) ஜெயித்தே கொடுத்தார். அப்படியும் இரண்டு ஆட்டத்தில் 45தான். அதற்கு முந்தைய ஆண்டு, நாட்டிலேயே அதிகப் புள்ளி சராசரி வைத்திருந்த ஓக்லஹோமாவின் டிரே யங் முதல் ஆட்டத்திலேயே 28 புள்ளியோடு வெளியேறினார். அதே தொடரில் வில்லனோவாவின் டான்டே டிவின்சென்சோ, பெஞ்சிலிருந்து இறங்கி, இறுதிப் போட்டியில் மட்டும் 31 அடித்தார்.

2008இல் டேவிட்சனின் ஸ்டீஃபன் கரி நான்கு ஆட்டத்தில் 128 அடிக்கவில்லையா என்பார்கள். அடித்தார். அடுத்த கரி யார் என்று டிராஃப்ட் அன்றே தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

பெரிய அணியும் கவிழும். 2023இல் பர்டூ 16ஆம் தரநிலை அணியிடம் தோற்க, ஸாக் ஈடி 21 புள்ளியோடு நின்றார். மறு ஆண்டு இறுதிவரை போய் ஆறு ஆட்டத்தில் 177. அதனால் ஒரே அணியில் இரண்டு பேருக்கு மேல் எடுப்பதில்லை. அட்டவணையின் இரண்டு பாதிகளும் இறுதிப் போட்டியில்தான் சந்திக்கும்; இரண்டிலிருந்தும் எடுத்தால் என் ஆட்களே அரையிறுதியில் மோதி ஒரு தரப்பு வெளியேறும் தொல்லையும் குறையும்.

ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட்டும் (கூடை விழ உதவும் பாஸ்) கணக்கில் சேரும் பூலில் நான் ஆடியதில்லை. அங்கே இந்தக் கணக்கு எவ்வளவு நிற்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

அப்புறம், முதல் நால்வர் சுற்றின் (64 அணி அட்டவணையின் கடைசி சில இடங்களுக்காக அதற்கு முன் நடக்கும் ஆட்டங்கள்) புள்ளிகள் சேருமா என்று டிராஃப்டுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். 2021இல் யூசிஎல்ஏ அங்கிருந்து கிளம்பி அரையிறுதிவரை போனது. ஜானி ஜுசாங் மொத்தம் 137 அடித்தார். அதில் 23 அந்தச் சுற்றில் வந்தவை. சேரும் என்றால், கடைசிச் சுற்றில் அப்படி ஒருவரை எடுக்கலாம்.