ஊரில் டபுள் மார்க்கர் எடுப்பவர்கள் கவனத்துக்கு

வெளிநாட்டிலிருந்து லீவுக்கு ஊர் வரும் நாட்கள் கர்ப்பத்தின் 11 வாரத்துக்கும் 13 வாரம் 6 நாளுக்கும் நடுவே விழுந்தால், என்டி ஸ்கேனையும் (குழந்தையின் பின்கழுத்து நீரின் அளவைப் பார்ப்பது) டபுள் மார்க்கர் ரத்தப் பரிசோதனையையும் சென்னையிலோ திருச்சியிலோ முடித்துவிடலாம். கூடவே ப்ரீஎக்ளாம்ப்சியா, அதாவது கர்ப்பத்தில் பிபி கூடி தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்தாகும் நோய், வரும் ரிஸ்க்கையும் கணக்கிடலாம். வெறும் வயிறு தேவையில்லை. ஸ்கேனுக்கு பாஸ்போர்ட் நகல் கையில் இருக்கட்டும். பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994 சட்டப்படி படிவம் 'எஃப்' நிரப்பாமல் ஸ்கேன் எடுக்க மாட்டார்கள். ஆணா பெண்ணா என்று கேட்கவே வேண்டாம், சொல்வது குற்றம்.

கோட்டை விடுவது லேப் கவுன்ட்டரில்தான். 'டபுள் மார்க்கர்' என்று மட்டும் சொன்னால் ரத்தத்தில் பீட்டா எச்சிஜி, பாப்-ஏ என்ற இரு புரதங்களை மட்டும் பார்ப்பார்கள். அது டவுன் சிண்ட்ரோமுக்கானது. பாப்-ஏ குறைவாக இருந்தால் ப்ரீஎக்ளாம்ப்சியா சந்தேகம் வரும், ஆனால் அதை மட்டும் நம்பி எதையும் முடிவு செய்ய முடியாது. நஞ்சுக்கொடி சரியாக வேர்விடாதபோது குறைவது பிஎல்ஜிஎஃப் என்ற இன்னொரு புரதம். ப்ரீஎக்ளாம்ப்சியா கணக்குக்கு அதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். எஸ்எஃப்எல்டி-1 என்ற வேறொரு புரதத்தோடு சேர்த்த எஸ்எஃப்எல்டி-1/பிஎல்ஜிஎஃப் விகிதத்தைத் தலையில் கட்டினால் வேண்டாம் என்றுவிடுங்கள். அதன் 38 என்ற எல்லை 24 வாரத்துக்குப் பிறகு, அறிகுறி தெரிபவர்களுக்கானது.

அடுத்த ஆபத்து விண்ணப்பத்தில் எழுதும் எடை. உடல் எடை கூடக்கூட ரத்தத்தில் இந்த அளவுகள் இயல்பாகவே குறையும். அதைக் கணக்கில் எடுத்துத்தான் சாஃப்ட்வேர் 'எம்ஓஎம்' (அதே நிலையில் உள்ளவர்களின் நடு அளவைப் போல எத்தனை மடங்கு என்ற எண்) போடுகிறது. 150 பவுண்டு, அதாவது 68 கிலோ உள்ளவர் கிலோ கட்டத்தில் 150 என்று எழுதினால் எம்ஓஎம் பொய்யாக உயர்ந்து, உண்மையான குறைவு மறைந்துபோகும். ஐவிஎஃப், இரட்டைக் குழந்தை, சர்க்கரை, முந்தைய பிரசவத்தில் பிபி எதையும் விடாமல் எழுதுங்கள்.

ரத்தம் மட்டும் போதாது. கருப்பை ரத்தக்குழாயின் ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனில் இரு பக்க 'பிஐ' எண்ணும் (ஓட்டத்துக்கு உள்ள தடையைக் காட்டுவது) ரிப்போர்ட்டில் வர வேண்டும். பிபி: 5 நிமிடம் உட்கார்ந்த பின், இரு கைகளிலும், இரண்டிரண்டு முறை. படியேறி வந்த மூச்சோடு ஒரு கையில் எடுத்த எண் இந்தக் கணக்குக்கு உதவாது.

ப்ரீஎக்ளாம்ப்சியா ரிஸ்க் 100-இல் 1 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டர்கள் வழக்கமாகத் தருவது இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின், 36 வாரம் வரை. 2017-இல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வில், 37 வாரத்துக்கு முன் பிரசவமாகும் ப்ரீஎக்ளாம்ப்சியா இதனால் 62 சதவீதம் குறைந்தது. 16 வாரத்துக்குள் தொடங்க வேண்டும். ஆகவே 'திரும்பிப் போய்ப் பார்த்துக்கலாம்' என்று தள்ளாமல், அல்சர், ஆஸ்துமா இருந்தால் சொல்லி, இங்கேயே மருந்துச்சீட்டு வாங்குவது நல்லது.

கிளம்பும் முன் ரிஸ்க் எண்ணோடு நிற்காமல் மூல அளவு, அலகு, எம்ஓஎம், மெஷின் பெயர், குழந்தையின் சிஆர்எல் (தலையிலிருந்து பிட்டம் வரையிலான நீளம்) எல்லாம் அச்சில் உள்ளனவா பாருங்கள். மெஷின் மாறினால் மூல அளவும் மாறும். வெளிநாட்டில் உங்களைப் பார்க்கும் டாக்டர் இவை இல்லாமல் ஒப்பிட முடியாது.