பில்லிங் மேசையில் ஒரு 2டி ஸ்கேனர்: ஆறு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் மளிகைக் கடையில் ஒன்பது ஆண்டுகள் உழைத்த லேசர் ஸ்கேனர், ஒரு நாள் சிவப்புக் கோட்டை மட்டும் காட்டிவிட்டு எதையும் படிக்க மறுத்ததால், 4,200 ரூபாய்க்கு, குறியீட்டைப் படமெடுத்துப் படிக்கும் ஒரு 2டி இமேஜர் ஸ்கேனரை வாங்கினோம். ஆறு மாதம் அன்றாடம் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன். புது பிஸ்கட் பாக்கெட்டை எந்த ஸ்கேனரும் படித்துவிடும். கசங்கியும் நனைந்தும் எண்ணெய்க் கறை படிந்தும் வரும் பார்கோடை அது என்ன செய்கிறது என்பதில்தான் அதன் தரம் தெரியும்.

பார்கோடுத் தொழில் தொடக்கத்திலிருந்தே மல்லுக்கட்டி வந்திருப்பதும் அந்தக் கறையோடுதான். பிலடெல்பியாவின் டிரெக்சல் கல்லூரியைச் சேர்ந்த பெர்னார்ட் சில்வரும் நார்மன் ஜோசப் உட்லேண்டும் 1949-இல் விண்ணப்பித்து 1952-இல் பெற்ற காப்புரிமையில், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் படிக்கக்கூடிய வட்ட வடிவக் குறியீடும் இருந்தது. மியாமி கடற்கரை மணலில் மோர்ஸ் குறியீட்டின் புள்ளிகளையும் கோடுகளையும் விரல்களால் கீழ்நோக்கி இழுத்துப் பார்த்தபோது உட்லேண்டுக்குப் பிறந்த யோசனை அது. அவர்களுடைய முதல் கருவியில் 500 வாட் விளக்கு ஒன்று எரிந்தது. அதன் சூட்டில் படிக்க வைத்த தாளே புகையத் தொடங்கியதாம். வட்டக் குறியீட்டை ஆர்.சி.ஏ. நிறுவனம் 1972-இல் சின்சினாட்டியில் ஒரு குரோகர் கடையில் சோதித்தது. ஆனால் அச்சு ஓடும் திசையில் மை சற்று இழுபட்டாலும் வட்டம் கெட்டுவிடும் என்பதால், ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜார்ஜ் லாரர் நேர்க்கோடுகளைத் தேர்ந்தெடுத்தார். கோடுகளை அச்சு ஓடும் திசையிலேயே அமைத்துவிட்டால், இழுபடும் மை கோட்டின் நீளத்தைக் கூட்டுமே தவிர அகலத்தை மாற்றாது. தகவல் இருப்பதோ அகலத்தில். அவர் வகுத்த யுபிசி என்ற பொருள் குறியீட்டு முறை 1973-இல் ஏற்கப்பட்டது. 1974 ஜூன் 26 அன்று ஒஹாயோ மாநிலத்தின் டிராய் நகரில் உள்ள மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில், 67 சென்ட் விலையுள்ள ஒரு ரிக்ளி சூயிங்கம் பொதி முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது.

அழுக்கிடம் தோற்ற கதையும் உண்டு. அமெரிக்க ரயில் பெட்டிகளை அடையாளம் காண டேவிட் காலின்ஸ் உருவாக்கிய கார்ட்ராக் என்ற வண்ணப் பட்டை முறை 1967-இல் ரயில்வேக்களின் பொதுத் தரமானது. பெட்டிகளில் பட்டைகளை ஒட்டியவர்கள் அவற்றைத் துடைத்துப் பராமரிக்கவில்லை. பத்தாண்டு அளவில் அந்த முறையே கைவிடப்பட்டது.

எங்கள் பழைய லேசர் கருவியில், அதிரும் சிறு கண்ணாடி ஒன்று ஒற்றைக் கோடாக ஒளியை வீசும். அந்தக் கோடு பார்கோடின் சேதமான இடத்தில் விழுந்தால் கையைச் சாய்த்துச் சாய்த்துத் தேட வேண்டியதுதான். புதிய கருவி குறியீடு முழுவதையும் படமெடுத்து, சேதமில்லாத பகுதியிலிருந்து படித்துக்கொள்கிறது. குளிர்பெட்டியிலிருந்து நீர்த்துளிகளோடு வரும் தயிர் பாக்கெட்டையும், காற்றடைத்த சிப்ஸ் பாக்கெட்டின் மடிப்பில் சிக்கிய பார்கோடையும் அது பெரும்பாலும் முதல் முறையிலேயே படித்துவிடுகிறது. சிறிய பெருங்காய டப்பாவின் வளைவில் மட்டும் இரண்டு, மூன்று முறை திருப்பிக் காட்ட வேண்டியிருக்கிறது. நாங்களே பருப்பு நிறுத்து ஒட்டும், வெப்பத்தால் அச்சாகும் தெர்மல் சீட்டுகள் எண்ணெய் டின்களுக்கு அருகில் இருந்து வெளிறிவிட்டால் இதனாலும் ஒன்றும் ஆகாது. அங்கே விரல்தான் ஸ்கேனர்.

தவறான எண்ணைப் படித்ததாக இதுவரை ஒரு பில்லிலும் நான் காணவில்லை. அந்தப் பெருமையில் பெரும்பங்கு கருவிக்கு அல்ல, பார்கோடில் கடைசியாக நிற்கும் பதின்மூன்றாவது எண்ணுக்கு உரியது. 8901234567890 என்பதை எடுத்துக்கொள்வோம். முதல் பன்னிரண்டு எண்களில் ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் 8, 0, 2, 4, 6, 8 ஆகியவற்றைக் கூட்டினால் 28. இடையில் உள்ள 9, 1, 3, 5, 7, 9 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 34, அதன் மும்மடங்கு 102. இரண்டும் சேர்ந்து 130. இந்தக் கூட்டுத்தொகையைப் பத்தின் மடங்காக்கச் சேர்க்க வேண்டியதே கடைசி எண்; 130 பத்தின் மடங்காகவே அமைந்துவிட்டதால் அது 0. இந்தக் கணக்கு ஒத்துவராத வரை ஸ்கேனர் ஒலி எழுப்பாது. 890 என்று தொடங்கினால் பொருள் இந்தியாவில் தயாரானது என்று வாடிக்கையாளர்கள் பலர் நம்புகிறார்கள். எண்ணைப் பெற்ற நிறுவனம், பார்கோடு எண்களை வழங்கும் ஜிஎஸ்1 இந்தியா அமைப்பில் பதிந்திருக்கிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. ஸ்டாண்டில் வைத்துத் தானாகப் படிக்கவிட்டபோது, ஒரே சோப்பை இரண்டு முறை படித்து ஒரு வாடிக்கையாளரின் பில்லைக் கூட்டிவிட்டது. நல்லவேளையாக அவரே பார்த்துச் சொன்னார். அதே குறியீட்டை உடனே மறுமுறை படிக்காதிருக்க ஓர் அமைப்பு உண்டு என்று விற்றவர் சொல்லவில்லை. அதை இயக்க ஸ்கேன் செய்ய வேண்டிய பார்கோடோ, கையேடு என்ற பெயரில் வந்த மடித்த தாளில் மற்ற பத்துப் பதினைந்தோடு நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. முதல் முயற்சியில் பக்கத்தில் இருந்ததைப் படிக்கவைத்து பீப் ஒலியையே நிறுத்திவிட்டேன். இரண்டு பக்கமும் அட்டையால் மறைத்துக்கொண்டு ஸ்கேன் செய்வதே வழி. இன்னொன்று, படித்ததை விசைப்பலகையில் அடித்ததுபோல அனுப்புவதால் கணினிக்கு இது வெறும் விசைப்பலகைதான். வாடிக்கையாளர் பெயரைத் தமிழில் அடித்துவிட்டு ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்தால், ஆங்கில எழுத்துகள் கலந்த எங்கள் கடைக் குறியீடுகள் தமிழ் எழுத்துகளாக விழுந்து, 'பொருள் இல்லை' என்று மென்பொருள் சொல்லிவிடும். கடைக் குறியீடுகளை வெறும் எண்களாக மாற்றி, கடைகளின் உள்பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்ட 2-இல் தொடங்கும் வரிசையில் அமைத்த பிறகு அந்தத் தொல்லை நீங்கியது.

லேசர் கருவியால் முடியாத ஒன்று கியூஆர். ஜப்பானின் டென்சோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாராவின் குழு 1994-இல் வாகன உதிரிபாகங்களுக்காக உருவாக்கிய அந்தச் சதுரத்தை, கைப்பேசித் திரையிலிருந்தும் இது படிக்கிறது. திரை வெளிச்சம் குறைவாக இருந்தால் மட்டும் சற்றுத் திணறுகிறது. பாக்கெட் பொருள் மட்டுமே விற்று, கியூஆர் தேவைப்படாத சிறு கடைக்குப் பாதி விலையில் கிடைக்கும் லேசர் கருவியே போதும். குளிர்பெட்டியும் சொந்தச் சீட்டுகளும் உள்ள கடைக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். வாங்கும்போதே கடைக்காரர் முன்னிலையில் ஒரு நனைந்த தயிர் பாக்கெட்டைக் காட்டிப் பார்த்துவிடுங்கள்.