டலோட்டியா வண்டு: பூஞ்சைக் கொசுவுக்கு வாங்கலாமா?

தொட்டிகளில் பூஞ்சைக் கொசு (ஈர மண்ணில் பெருகும் சின்னப் பூச்சி, fungus gnat) மொய்த்த பிறகு அவசரத்துக்கு வாங்கினால் இந்த வண்டு ஏமாற்றிவிடும். நாற்று நட்ட கையோடு விட்டால் கொடுத்த காசுக்கு மேலாகவே உழைக்கும். கனடாவிலும் ஐரோப்பாவிலும் பசுமைக்குடில் வைத்திருப்பவர்களுக்கு உயிருடன் விற்கப்படும் டலோட்டியா கோரியாரியா இது. பழைய விலைப்பட்டியல்களில் அத்தேட்டா என்று இருக்கும்; இரண்டும் ஒன்றே. நீளம் 3 முதல் 4 மி.மீ. மக்கும் இலைதழைகளில் வாழும் இனம் என்பதால் பீட் (சதுப்புநில மக்கு), தென்னைநார்த் தூள் கலவைகளில் எளிதாகத் தங்கிவிடும். வண்டும் அதன் புழுவும் பூஞ்சைக் கொசுவின் முட்டை, புழுக்களையும், மண்ணில் விழும் இலைப்பேன் (thrips) கூட்டுப்புழுக்களையும் தின்னும். பறக்கும் கொசுவைத் தொடாது. அதனால்தான் விட்ட வாரமே பலன் தெரிவதில்லை.

வெர்மிகுலைட் (இலேசான கனிமத் துகள்) போன்ற பொருளோடு கலந்து டப்பாவில் வரும். வந்ததும் ஒரு கரண்டி எடுத்து வெள்ளைத் தட்டில் கொட்டிப் பாருங்கள். வால்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென ஓடினால் சரக்கு நல்லது. அசையாமல் கிடந்தால் படமெடுத்து விற்றவருக்கு அன்றே அனுப்புங்கள். குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம். டப்பாவிலேயே நாட்களைக் கடத்தினால் ஒன்றையொன்று தின்றுவிடும்.

தடுப்புக்கு என்றால் சதுர மீட்டருக்கு 1 அல்லது 2 போதும். இவை நன்றாகப் பறக்கும், பகலில் விட்டால் மஞ்சள் ஒட்டுப்பொறியில் போய் மாட்டிக்கொள்ளும். அந்தி சாய்ந்த பிறகு, ஈரமான கலவை மேல், சில இடங்களில் பிரித்துக் கொட்டுங்கள். 20 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் முட்டை வண்டாக ஏறத்தாழ மூன்று வாரம் ஆகும். குளிர் கூடினால் இன்னும் இழுக்கும். பலனை அறிய, உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றைக் கலவை மேல் வைத்து, இரண்டு மூன்று நாள் கழித்துப் புரட்டிக் கொசுப்புழுக்களை எண்ணுங்கள். வாராவாரம் எண்ணிக்கை இறங்க வேண்டும்.

‘வண்டு வேலை செய்யவில்லை’ என்ற புகார் வரும்போது முதலில் பார்க்க வேண்டியது மண்ணில் ஊற்றிய மருந்தை. இமிடாகுளோப்ரிட் போன்ற பூச்சிக்கொல்லிகள் கொசுப்புழுவோடு வண்டையும் கொன்றுவிடும். நாற்று வாங்கிய இடத்தில் என்ன ஊற்றினார்கள் என்று கேட்காமல் வண்டுக்குப் பணம் கட்டாதீர்கள். அடுத்த காரணம் ஓயாத ஈரம். பாசி படர்ந்து சொதசொதவென்று கிடக்கும் தொட்டியில் கொசு பெருகும் வேகத்துக்கு எந்த வண்டாலும் ஈடுகொடுக்க முடியாது.

பெரிய குடில்காரர்கள் மூடிய வாளியில் ஈர பீட்டும், கோழிக்குஞ்சுத் தீவனமோ ஓட்ஸோ போட்டு இதைத் தாங்களே பெருக்குவதும் உண்டு. காற்றுப்போக மூடியில் துளையிட்டு மெல்லிய வலை ஒட்ட வேண்டும். தீவனம் சிட்டிகை அளவுதான். கூடினால் பூஞ்சணம் பிடித்து, பூஞ்சணம் தின்னும் சிற்றுண்ணிகள் ஏறி, வாளியே கெட்டுப்போகும்.

டொராண்டோ வீடுகளில் பனிக்காலம் முழுக்க உள்ளே வைக்கும் ஒற்றைக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு இந்த டப்பா தேவையில்லை. மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு தண்ணீர் விடுங்கள், கொசுப்புழுவைக் கொல்லும் ஸ்டெய்னர்னீமா ஃபெல்டியே என்ற நுண்ணிய நூற்புழுவைத் தண்ணீரில் கலந்து ஊற்றுங்கள். பத்திருபது தொட்டிகள் நெருக்கமாக, விளக்கு வெளிச்சத்தில் வளர்ப்பவர்கள் சிறிய டப்பா ஒன்று வாங்கலாம்.